அடுப்படி வழியாக வந்த இங்கிலீஷ்

'பட்லர் இங்கிலீஷ்' என்று ஒரு வசவு நம்மிடையே புழங்குகிறது. ஒருத்தன் ஆங்கிலத்தைத் தப்பும் தவறுமாகப் பேசிவிட்டால் போதும், உடனே இதைத் தூக்கி எறிவார்கள். வக்கீல் இங்கிலீஷ் என்றோ குமாஸ்தா இங்கிலீஷ் என்றோ நம்மூரில் வசவு கிடையாது. வடக்கே 'பாபு இங்கிலீஷ்' என்ற கேலி உண்டு. ஆனால் அது படித்தவனின் அலங்கார நடையைப் பார்த்துச் செய்த கேலி. பட்லர் இங்கிலீஷ் என்பது சமையல்காரனை, ஆயாவை, குதிரைக்காரனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அந்தச் சமையல்காரனும் ஆயாவும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதைச் சிரிக்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

கும்பினிக்காரன் மதராசில் வீடு கட்டிக் குடியேறியபோது அவனுக்கு மாட்டுக்கறி சமைக்க ஆள் வேண்டியிருந்தது. எச்சில் தட்டெடுக்க, மலச்சட்டி தூக்க, பிள்ளை கழுவிவிட ஆள் வேண்டியிருந்தது. ஊர்க்காரன் எவனும் இதற்கு வரமாட்டான், தீட்டு. ஆகவே சேரியிலிருந்து நம்மாட்கள் போனார்கள். வெள்ளைக்காரன் வீட்டு வேலையாட்களில் பெரும்பகுதி பறையர்கள்தான் என்பதை அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சாதி எதைத் தீட்டு என்று ஒதுக்கியதோ, அதன் வழியாகத்தான் முதல் ஆங்கிலச் சொற்கள் சேரிக்குள் வந்து சேர்ந்தன.

இன்னொரு வாசலும் இருந்தது. அது துபாஷிகளின் வாசல். இரண்டு பாஷை தெரிந்தவன் துபாஷி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரனுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை, மதராசில் இங்கிலீஷ்காரனுக்குப் பச்சையப்ப முதலியார். இவர்கள் மொழியைக் கொண்டு வியாபாரம் செய்தார்கள், சொத்து சேர்த்தார்கள், தர்மம் செய்தார்கள், பேர் வாங்கினார்கள். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு அந்த வாசல் வழியாகப் பட்டமும் உத்தியோகமும் வந்தன. அடுப்படி வாசல் வழியாக வந்தவனுக்குக் கிடைத்தது சம்பளமும், மிச்சச் சோறும், இந்த வசவும்தான். இரண்டு பேரும் கற்றது ஒரே மொழியை.

1886-இல் ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் என்ற இருவர் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களின் பெரிய மூட்டை அது. 'பட்லர் இங்கிலீஷ்' என்பதற்கும் அதில் ஒரு பதிவு உண்டு, இளக்காரமாகத்தான். ஆனால் அவர்கள் குறித்து வைத்திருக்கும் உதாரணங்களை ஒரு தமிழ் மாணவனாகப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஐ டெல்லிங்' என்றால் 'நான் சொல்வேன்' என்று பொருளாம். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லியாகிவிட்டது என்று பொருளாம். இதில் என்ன தப்பு? 'நாளைக்கு வர்றேன்' என்றுதானே நாம் சொல்கிறோம். நிகழ்கால வடிவத்தை எதிர்காலத்துக்குப் போடுவது பேச்சுத் தமிழின் அன்றாட வழக்கு. 'சொல்றேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் 'ஐ டெல்லிங்'. 'சொல்லிட்டேன்' என்பதில் வருகிற அந்த 'இட்டேன்', வேலை முடிந்துபோனதைச் சொல்லும் துணைவினை. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடியவன் 'டன்' என்பதைப் பிடித்தான். இலக்கணப் புத்தகம் கையில் இல்லை. பள்ளிக்கூடத்துத் திண்ணையிலேயே ஏறவிடவில்லை. காதால் கேட்ட சொற்களைத் தன் தாய்மொழியின் எலும்புக்கூட்டில் ஏற்றி ஒருவன் பேசியிருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தர் செய்த மொழிபெயர்ப்பு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எம்.ஏ. தமிழ் வகுப்பில் துணைவினைகளை ஒரு பருவம் முழுக்க நடத்தினார்கள். இந்த உதாரணத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

வேறொரு மனிதர் இதைக் கவனித்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துப் பேராசிரியர் ஹூகோ ஷூகார்ட். உலகின் கலப்பு மொழிகளை ஆராய்ந்த அவர், 1891-இல் இந்திய ஆங்கிலங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் மதராஸ் பட்லர் இங்கிலீஷையும் எடுத்துப் பேசினார். ஐரோப்பாவில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு ஆராய்ச்சிப் பொருளாகத் தெரிந்தது, மயிலாப்பூரில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேலிப்பொருளாகத் தெரிந்தது.

சொற்கள் ஒருவழிப் பாதையில் போகவில்லை. நம் மிளகுத்தண்ணி துரை வீட்டு மேசையில் 'மல்லிகடானி' ஆகி இங்கிலாந்து வரைக்கும் போனது. 'பறையா' என்ற சொல்லும்தான் போனது. ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. தெருநாய்க்கு 'பறையா நாய்' என்று பேர் வைத்தார்கள். நாம் அவர்களிடமிருந்து தட்டு, கரண்டி, தலையணைக்கெல்லாம் பேர் கற்றுக்கொண்டோம். அவர்கள் நம்மிடமிருந்து இழிவுக்கு ஒரு பேர் கற்றுக்கொண்டார்கள்.

அன்றாடச் சொற்களைக் கற்றுக்கொடுக்கிற சிறு புத்தகங்கள் அன்றைக்கும் இருந்தன. ஆனால் அவை நமக்காக அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த இளம் துரைமார்களுக்காகக் கொழும்பில் ஒரு தமிழ்க் கையேடு அச்சிட்டார்கள். அதன் பெயரே 'இங்கே வா!' சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் என்று துணைத்தலைப்பு வேறு. 1915-இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. தலைப்பைப் பார்த்தாலே உள்ளே என்ன மாதிரி உறவு என்று தெரிந்துவிடுகிறது. ஒரு மொழியை ஏவலிலிருந்து கற்கத் தொடங்குகிறான் துரை. அவனிடம் வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சத்துக்குத் தப்பி இந்தியாவிலிருந்து போன ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். அவர்களுக்கு எந்தப் புத்தகமும் இல்லை. பெரேடு அவர்கள் வாயில் 'பெரட்டு' ஆனது. லைன் 'லயம்' ஆனது. பெரட்டுக்களமும் லயமும் மலையகத் தமிழில் இன்றும் இருக்கின்றன. அந்தச் சொற்களைக் கேட்டால் அந்த வாழ்க்கையின் நீள அகலம் தெரியும்: விடியக்காலையில் வரிசையில் நின்று பேர் கொடுப்பது, இருட்டினால் பத்தடி அறையில் முடங்குவது. கற்றுக்கொண்ட ஆங்கிலம் அந்த எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை.

இங்கேயும் எல்லை போட்டுத்தான் கற்றுக்கொடுத்தார்கள். கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாறு பக்கத்து ஊரூரில் பஞ்சமர்களுக்காக முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சேரிக்குழந்தை உள்ளே நுழைய ஒரு கதவு திறந்தது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? தமிழ் எழுத்து, கொஞ்சம் கணக்கு, சமையல், தையல், அதோடு பேச்சு ஆங்கிலம். இந்தப் பிள்ளைகளை அதிகமாகப் படிக்கவைப்பது தன் நோக்கமல்ல, அவர்கள் நிலைமைக்கு ஏற்றது கிடைத்தால் போதும் என்பது ஆல்காட்டின் எண்ணம். ஆங்கிலம் வாயில் இருக்கலாம், கையில் பேனாவாக வரவேண்டாம். நல்ல மனசுக்காரர்தான். ஆனாலும் பட்லர் வேலைக்குத் தேவையான அளவு என்று ஒரு உழக்கை வைத்து அளந்துதான் ஊற்றினார்.

அந்த உழக்கை உடைத்தவர்கள் நம்மிலேயே இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தன் குடும்பத்தில் காப்பாற்றி வைத்திருந்த திருக்குறள் ஏட்டை எல்லீஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் இவரே என்று பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். பட்லர் கையில் குறள் இருந்தது என்பதைத் தமிழ்ப் புலவர் உலகம் சீரணிக்க ரொம்ப காலம் பிடித்தது. பேரன் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார்.

இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்களெல்லாம் பிராமணர்கள் என்று தன் ஜீவிய சரித்திரத்தில் எழுதுகிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அப்படிக் கற்ற ஆங்கிலத்தை அவர் என்ன செய்தார்? ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, நடத்தினால் ஆதிக்கச் சாதிக்காரர்களே அதிகாரிகளாக வருவார்கள் என்று 1893-இல் 3412 பேர் கையெழுத்தோடு லண்டன் பார்லிமென்டுக்கு எதிர்மனு அனுப்பினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1930-இல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தார். தீண்டாமை என்றால் என்ன என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டதற்கு, கீழே விழுந்து கிடப்பவனைக்கூட மேல்சாதிக்காரன் தூக்கமாட்டான் என்று பதில் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அரசனிடம் நேராகச் சொல்லிவிட முடிந்தது, நடுவில் துபாஷி தேவைப்படவில்லை.

2010-இல் உத்தரப்பிரதேசத்தில் பங்கா என்ற கிராமத்தில் தலித்துகள் ஆங்கிலத்துக்கு ஒரு தேவி சிலை செய்து கோயில் கட்டப் புறப்பட்டார்கள். கோயிலில் எனக்கு உடன்பாடு கிடையாது, கும்பிட்ட தெய்வங்களே போதும். ஆனால் அந்த ஆத்திரம் புரிகிறது. நம் மேடைகளில் தாய்மொழிக் கல்வி பற்றி முழங்குகிறவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் கான்வென்ட் வேனில் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்வழியில் படித்து வந்த சேரிப்பையன் கல்லூரியில் எழுந்து நின்று ரெண்டு வாக்கியம் பேச முயன்றால், பின்பெஞ்சிலிருந்து அதே பழைய வசவுதான் வருகிறது. என் வகுப்பில் ஒரு ஆசிரியரே சொன்னார். சிரித்தவர்களில் எங்கள் தெருப் பையன்களும் இருந்தார்கள்.

குன்னூரிலும், வெலிங்டனிலும், கோடைக்கானலிலும், கோலார் தங்கவயலிலும் துரை வீட்டில் பிள்ளை தூக்கிய, ரொட்டி சுட்ட கிழவிகள் இன்னமும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். வடாற்காட்டில் பாட்டியையும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம், வேலைக்காரியையும் ஆயா என்றுதான் சொல்கிறோம். முன்னது நம் சொல், பின்னது போர்த்துக்கீசியன் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் பல வீடுகளில் இரண்டும் ஒரே மனுசிதான். அவர்கள் என்னென்ன வார்த்தை கற்றார்கள், யார் கற்றுக்கொடுத்தது, திட்டும்போது துரைசானி என்ன சொல்வாள், இவர்கள் தங்களுக்குள் அவளுக்கு என்ன பேர் வைத்திருந்தார்கள் என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஷூகார்டும் பர்னலும் ஒரு பட்லரின் பேரைக்கூடச் சொல்லவில்லை. மாணவத் தோழர்கள் கோடை விடுமுறையில் போகலாம். செல்போன் போதும். எண்பது, எண்பத்தைந்து வயது ஆகிவிட்டது அவர்களுக்கு. மழைக்காலம் வருவதற்குள் போய்விடுங்கள்.