கற்பிப்போர்க்குக் கற்பித்தவர் யார்?

ஆலையில் ஒருவனை அமர்த்துமுன் தொழில் பழக்குகிறோம். பேருந்தை ஓட்டுமுன் உரிமம் எங்கே என்று கேட்கிறோம். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டுமா? பட்டம் பெற்றால் மட்டும் போதாது. கற்பிக்கும் கலையையும் பயின்று, பி.எட். பட்டத்தோடு வா என்கிறது சட்டம். பள்ளியில் பணி செய்யும் நம் போன்றோர் அனைவரும் அந்த வாயில் வழியே வந்தவர்கள்தாம். ஆனால், இருபது வயது இளைஞனுக்குப் பொருளாதாரமும் இயற்பியலும் சொல்லித் தரும் கல்லூரி ஆசிரியரைப் பார்த்து, “கற்பிக்கக் கற்றதுண்டா?” என்று கேட்பார் இல்லை! பாடம் தெரிந்தவர்க்குப் பாடம் நடத்தவும் தெரியும் என்பது நம்பிக்கை. ஆராயாமல் ஏற்ற நம்பிக்கை எதுவாயினும் அதன் வரலாற்றைத் தோண்டிப் பார்ப்பது பகுத்தறிவாளர் கடமையன்றோ? தோண்டுவோம்.

சென்னையில் அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி 1856-இல் தோன்றிற்று. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. அடுத்த ஆண்டு, 1857-இல், சென்னைப் பல்கலைக் கழகம் பிறந்தது. இரண்டுக்கும் இடையே ஓராண்டு! ஆனால், கல்லூரி ஆசிரியரும் பல்கலைக் கழக ஆசிரியரும் பயிற்சி பெறுவதற்கென்று நிலையான கூடங்கள் இந்நாட்டில் எப்போது தோன்றின? 1987-இல்! பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்பதை 1856-இலேயே அறிந்த நாடு, கல்லூரி ஆசிரியர்க்கும் அது வேண்டும் என்று உணர்ந்து செயல்பட மேலும் 131 ஆண்டுகள் எடுத்துக் கொண்டது.

காரணம் என்ன? இலண்டன் பல்கலைக் கழகத்தைப் பார்த்து வார்க்கப்பட்டது நம் சென்னைப் பல்கலைக் கழகம். கற்பிப்பது அதன் வேலையன்று. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே வேலை. கற்பிக்கும் உரிமையைச் சட்டம் தந்தது 1904-இல்தான். அதுவரை அது ஒரு தராசுக் கடை. தராசு பண்டத்தை நிறுக்கும். பண்டத்தை விளைவித்தவன் எப்படி உழுதான் என்று கேளாது. தேர்வுக்கு வேண்டிய குறிப்பை ஆசிரியர் சொல்ல, மாணவர் எழுதி, மனப்பாடம் செய்து, தாளில் கொட்டிவிட்டுப் போவதே முறையாயிற்று. இதற்கு ஆசிரியரிடம் பயிற்சி எதற்கு? குரல் இருந்தால் போதுமே!

இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியரைத் தெய்வமாக்கி வைத்த நாடு இது. தெய்வத்தைத் தொழலாம், தகுதி என்ன என்று கேட்கலாமா? ஏகலைவன் கட்டைவிரலைக் கேட்ட துரோணரை, “நீர் அவனுக்குக் கற்பித்தது என்ன?” என்று ஒருவரும் கேட்கவில்லை. குருபக்தி கேள்வியின் வாயை அடைத்தது. அதனால் இழந்தவன் மாணவன் மட்டுமல்லன், ஆசிரியனும் இழந்தான். தெய்வத்துக்குக் குறை இருக்கக் கூடாதல்லவா? தன் குறையைச் சொல்லி உதவி கேட்கும் உரிமையே அவனுக்கு இல்லாமற் போயிற்று.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ண வேண்டா. உலகம் புகழும் ஆக்ஸ்போர்டில் பயின்ற ஆடம் ஸ்மித், 1776-இல் வெளியிட்ட தம் பெருநூலில், அங்குள்ள பேராசிரியர்களுள் பெரும்பாலோர் பாடம் சொல்வதாகப் பாவனை செய்வதையும் கைவிட்டு ஆண்டுகள் பல ஆயின என்று சாடினார். கற்பித்தாலும் கற்பிக்காவிட்டாலும் ஊதியம் வந்து சேர்ந்ததே காரணம் என்றார். ஆனால், ஊதியத்தைக் குறைத்துவிட்டால் ஊக்கம் பிறக்குமா? ஜெர்மனியின் கான்ட், 1755 முதல் 1770 வரை, மாணவர் தரும் கட்டணத்தையே பெரிதும் நம்பி விரிவுரையாற்றினார். பேராசிரியர் பதவி வந்தது பதினைந்து ஆண்டுகள் கழித்து. அவருடைய புகழ்பெற்ற திறனாய்வு நூல்கள் யாவும் பதவி கிடைத்த பின் எழுந்தவை. 1810-இல் பெர்லினில் பல்கலைக் கழகம் எழுந்தபோது, ஹம்போல்ட் புது நெறி வகுத்தார்: கற்பிப்பவர் ஆராய்பவராகவும் இருக்க வேண்டும், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே அறிவைத் தேட வேண்டும். உலகப் பல்கலைக் கழகங்கள் பலவும் பின்பற்றிய நெறி இது.

அந்த நெறியின் காற்று நம் பக்கமும் ஒருமுறை வீசிற்று. 1915-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற்பொருளாதாரப் பேராசிரியராக வந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தின் கணக்கை இங்கே ஒப்பிக்கச் செய்யவில்லை அவர். வினாப் பட்டியலைக் கையிலே கொடுத்து, மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம்? கடன் எவ்வளவு? கூலி என்ன? கேட்டு எழுதி வாருங்கள் என்றார். 1918-இல் நூலாக வந்த அந்த ஆய்வில், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலாபுரமும் ஒன்று. நெல்லையின் கங்கைகொண்டானும் ஒன்று. அவருக்குப் பின் வந்த பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் 1937-இல் அதே ஊர்களை மறுபடி ஆராய்வித்து, 1940-இல் வெளியிட்டனர். தென் தமிழகத்தின் கரிசல் மண்ணும் பல்கலைக் கழகப் பாடமாயிற்று! ஆசிரியர் வளர்ந்தால் பாடம் வளரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழ்த் துறையைப் பாருங்கள். வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார் ஓர் இளைஞர். உடல் நலிவால் வேலையை விட்டார். தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்வில் தேறினார். திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியரானார். பணியில் இருந்துகொண்டே படித்து, 1939-இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றுப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கே கற்பித்துக்கொண்டே 1944-இல் எம்.ஓ.எல்.; 1948-இல் டாக்டர் பட்டம். 1971-இல் மதுரைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர்! அவர்தாம் மு. வரதராசனார். போற்றுகிறோம். ஆனால், போற்றிவிட்டுப் போய்விடலாமா? பாறையைப் பற்றி மலையேற வல்லவர் ஒருவர் இருந்தார் என்பதற்காக, மற்றவர்க்குப் படிக்கட்டு வேண்டா என்று சொல்லலாமா? மு.வ. தம் முயற்சியால் ஏறினார். ஏற முடியாமல் அடிவாரத்திலேயே நின்றவர் எத்தனை பேரோ!

படிக்கட்டு அமைக்கச் சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. விடுதலைக்குப் பின் 1948-இல் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவர் இராதாகிருஷ்ணன். உறுப்பினருள் ஒருவர் நம் ஏ. இலட்சுமணசாமி முதலியார். தலைவரோ, மாநிலக் கல்லூரியில் பணியேற்றபின் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்! ஆசிரியர்க்கு விடுப்பு, வைப்புநிதி, வேலை நேரம் எல்லாம் வரையறுக்கப்பட வேண்டும் என்றது அக்குழு. 1966-இல் கோத்தாரி குழு இன்னும் தெளிவாகச் சொல்லிற்று: புதிய விரிவுரையாளர்க்கு அறிமுகப் பயிற்சி தருக, பெரிய பல்கலைக் கழகங்களில் அதற்கென நிலையான கல்லூரி அமைக்க!

சொன்னது 1966, செய்தது 1987. இடையில் இருபத்தோர் ஆண்டுகள்! அந்த இடைவெளியில் ஆசிரியர் கைகட்டி நின்றாரில்லை. தனியார் கல்லூரிகளில் நிருவாகத்தின் விருப்பே விதியாக இருந்த காலம் அது. ஆசிரியர் சங்கங்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பின. 1976-இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உரிய அதிகாரியின் முன் ஒப்புதலின்றி ஆசிரியரை நீக்கலாகாது என்றாயிற்று. நாளை வேலை இருக்குமோ என்று அஞ்சுபவர் நாளைய பாடத்தை எவ்வாறு ஆயத்தம் செய்வார்? வேலைக்குப் பாதுகாப்புத் தருவதும் தகுதியை வளர்க்கும் வழிதான் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டி எழுந்த பயிற்சிக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருச்சிப் பல்கலைக் கழகங்களிலும் இயங்கின. புதியவர்க்கு நான்கு வாரம். அனுபவமுள்ளவர்க்கு மூன்று வாரம். நல்ல ஏற்பாடு! ஆனால், பதவி உயர்வுக்கு அச்சான்றிதழ் தேவை என்று ஆனதும், பயிற்சியைவிடச் சான்றிதழே பெரிதாகிவிட்டது. 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறிற்று. 2023-இல் மாளவியாவின் பெயர் சூட்டப்பட்டது. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் வகுப்பறை மாறிற்றா என்பதே நம் கேள்வி. 1989-இல் வந்த தேசியத் தகுதித் தேர்வோ, நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கத் தெரியுமா என்று இன்று பார்க்கிறது. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில், கடைசி வரிசை மாணவியின் கண்ணில் புரிந்த ஒளி தெரிகிறதா என்று கண்டறிய எந்தத் தாளால் இயலும்?

இவற்றுக்கும் வெளியே நிற்கும் ஒரு கூட்டம் உண்டு. கௌரவ விரிவுரையாளர்! பெயரில் கௌரவம், வாழ்வில்? மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2019-இல் வரம்பு கூறிற்று. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 2023-இல் அது 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆயிற்று. பதவி உயர்வு இல்லாதவர்க்குப் பதவி உயர்வுக்கான பயிற்சியால் பயன் என்ன? கான்ட் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்; நம்மவர் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது?

செட்டியார்பட்டியிலிருந்து நோக்குவோம். மேற்கே மலை, பக்கத்தே ஆலைகள் நிறைந்த இராசபாளையம். 1973-இல் இராசபாளையத்திலேயே இராஜுக்கள் கல்லூரி எழுந்தபின், இவ்வட்டாரப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி பேருந்து எட்டும் தொலைவுக்கு வந்தது. தறி ஓட்டுபவரின் மகள், தன் குடும்பத்திலேயே முதன்முறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கிறாள். வீட்டில் நூலகம் இல்லை. கேட்டுத் தெளிய உறவினர் இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் சரியில்லை என்றால் வேறோர் ஆசிரியரை விலைக்கு வாங்கலாம். இவளுக்கு இருப்பது ஒரே வகுப்பறை; ஒரே ஆசிரியர். அவர் தேங்கினால் இவள் கல்வியும் தேங்கும். நூறாண்டுப் போராட்டத்தால் திறந்த கதவு அது. உள்ளே விளக்கில்லை என்றால் கதவு திறந்து என்ன பயன்?

ஆகவே கேட்போம். புதிய ஆசிரியர் முதல் வகுப்பில் நுழையுமுன் பயிற்சி தருக. பணியேற்றுச் சில ஆண்டுகள் கழித்தன்று. கௌரவ விரிவுரையாளர்க்கும் அப்பயிற்சியை ஊதியத்தோடு தருக. காலி இடங்களை நிரந்தரமாக நிரப்புக. தமிழில் பாடம் நடத்துவோர்க்குத் தமிழிலேயே பயிற்சியும் நூலும் தருக. ஸ்லேட்டர் செய்ததுபோல், ஆசிரியரும் மாணவரும் அவரவர் ஊரை ஆராய நேரமும் பொருளும் ஒதுக்குக.

மாணவத் தோழர்களே! உங்கள் ஆசிரியரை வணங்குவதோடு நில்லாதீர், கேள்வி கேளுங்கள். அவருடைய உரிமைக்காக அவர் தெருவுக்கு வரும் நாளில், அவர் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டும் ஒரே கடமையின் இரு பகுதிகளே!