வினவுவோர் விடையளிப்போராதல்: கோலார் தங்க வயலின் 'தமிழன்' வாசகரும் கட்டற்ற மென்பொருட் குழுக்களும்

1. முன்னுரை

மென்பொருளை விலைக்கு விற்கும் நிறுவனம், பயன்படுத்துவோரின் ஐயங்களைத் தீர்க்க ஊதியம் பெறும் பணியாளரை அமர்த்துகிறது. கட்டற்ற மென்பொருள் எனவும் திறமூல மென்பொருள் எனவும் தமிழில் வழங்குவனவற்றுக்குப் பெரும்பாலும் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஒருவர் வினவுகிறார், அறிந்த மற்றொருவர் ஊதியமின்றிப் பலரும் காண விடையளிக்கிறார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தையும், லினசு டோர்வால்ட்சு 1991இல் வெளியிட்ட லினக்சையும் ஒட்டி இம்முறை வளர்ந்தது. ஆயினும், சிதறி வாழும் மக்கள் ஊதியமில்லாப் பொது வினா-விடையால் ஓர் அறிவுக் குழுவாக ஒன்றுபடுதல் தமிழுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலார் தங்க வயல் தொழிலாளர்க்கும் 'தமிழன்' இதழுக்கும் இடையே நிலவிய உறவு இதற்குச் சான்றாகும். இவ்விரு முயற்சிகளையும் ஒப்பிட்டு, வினா-விடைக் குழு நிலைபெறுதற்கான நிபந்தனைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வினா-விடை பற்றிய இலக்கணக் கோட்பாடு

நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகவும், விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகவும் பகுக்கிறது. பவணந்தியாரைக் கொண்டு அந்நூலை இயற்றுவித்த சீயகங்கன், குவளாலபுரம் எனப்பட்ட கோலாரைத் தன் பட்டப்பெயரில் கொண்ட கங்கர் மரபினன் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இப்பகுப்பு இன்றைய மென்பொருள் உதவிக்கும் பொருந்துகிறது. எழுத்துரு திரையில் சிதைந்து தோன்றுவதன் காரணத்தைக் கேட்பது அறியா வினா. பழுது எழுத்துருவிலா விசைப்பலகை நிரலிலா என்பது ஐய வினா. விடையளிப்போர் முதலில் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறீர் என்று திருப்பிக் கேட்பது வினாதல். இவ்வாறு செய்தால் முன்னைய கோப்புகள் அழியும் என எச்சரிப்பது உறுவது கூறல். விடை தெரிந்தவரே பிறர் அறிதற்பொருட்டு வினா எழுப்பி விளக்கம் தருவது அறிவினாவின்பாற்படும்.

நன்னூலார் கருதியது நேருக்கு நேர் நிகழும் உரையாடல். அச்சிலும் கணினியிலும் வினவுவோர், விடையளிப்போர் ஆகிய இருவருடன், படிக்கும் பலர் என்னும் மூன்றாம் தரப்பும் சேர்கிறது. விடை ஒருவர்க்குக் கூறப்பட்டாலும் பலர்க்கு உரியதாகிறது. இம்மாற்றமே பொது வினா-விடையின் அடிப்படை எனலாம்.

3. தங்க வயலும் 'தமிழன்' இதழும்

1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்சு நிறுவனத்தின் மேலாண்மையில் கோலார் தங்க வயல் விரிவடைந்தது. வடஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசும் தொழிலாளர் பெருந்திரளாகக் குடியேறினர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் பெற்ற இவ்வயல் தொழில்நுட்பத்தில் முன்னணியில் நின்றது. ஆயின் சுரங்கத்தில் இறங்கியோர்க்குத் தம் வரலாறு, சமயம், சட்ட உரிமை பற்றிய ஐயங்களைக் கேட்டறிய ஓர் இடம் இருக்கவில்லை.

அவ்விடத்தை நிரப்பிய இதழ்களுள் முதன்மையானது அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சென்னை இராயப்பேட்டையிலிருந்து 1907 ஜூன் 19 முதல் வெளியிட்ட 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. விலையே பெயரில் அமைந்தமை, எவர்க்கு எட்டவேண்டும் என்னும் கருத்தைப் புலப்படுத்துகிறது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்சு ஆகிய இடங்களில் அமைந்த சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் இதழின் வலிமையான தளங்களாயின. அவற்றின் கூட்டச் செய்திகள் இதழில் இடம்பெற்றன. வாசகர் அனுப்பிய வினாக்கள் விடையோடு அச்சாயின. பண்டிகைகளின் தோற்றம், சாதிப் பெயர்களின் பொருள், சடங்குகளின் காரணம் ஆகியவற்றை வாசகர் வினவினர்.

சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்டோர் எழுத்து வடிவில், பலரறிய, விடை தரப்படும் என்னும் நம்பிக்கையோடு வினவத் தொடங்கியது ஒரு சமூக நிகழ்வு. வினவும் உரிமையே அங்கு முதற்பேறு.

4. ஒருவரே விடையளிக்கும் முறையின் இயல்பு

இம்முறையில் விடையளிப்பவர் பெரும்பாலும் ஒருவரே. இதனால் விடைகளுக்கு ஒருமைப்பாடும் நடை ஒழுங்கும் அமைந்தன. அயோத்திதாசர் நிகண்டுகளையும் வீரசோழியம், மணிமேகலை போன்ற நூல்களையும் சான்று காட்டி, சொற்பிறப்பின் வழியே வரலாற்றை மீட்க முயன்றார். அச்சொற்பிறப்புகளுள் பல இன்றைய வரலாற்று மொழியியலின் அளவுகோலுக்கு நில்லா. எனினும் வழிவழி வந்த விளக்கத்தை ஏற்காமல் சான்று கேட்கும் பழக்கத்தை அவை வாசகரிடம் வளர்த்தன.

குறை வேறிடத்தில் உள்ளது. அவர் சுட்டிய ஏடுகளுள் சில பிறர் கைக்கு எட்டாதவை. விடை கிடைத்தது, விடையைச் சோதிக்கும் மூலம் கிடைக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் இதனின்றும் வேறுபடுகிறது. அங்கு மூலநிரல் எவர்க்கும் திறந்திருத்தலால், விடை தவறெனின் வினவியவரே எடுத்துக்காட்ட இயலும். 1997இல் வெளியான தெபியன் குழுவின் சமூக ஒப்பந்தம், குறைகளை மறைப்பதில்லை என உறுதி கூறுவதும் இக்கருத்துப் பற்றியதே. விடையளிப்பவரின் தகுதியைச் சாராது விடை நிற்கவேண்டுமாயின் மூலம் திறந்திருத்தல் வேண்டும்.

5. இடம் பெயர்ந்த விடை

1914 மே 5இல் அயோத்திதாசர் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார்; பின்னர் அது நின்றது. விடையளிப்பவர் ஒருவராக இருக்கும் குழு எதிர்கொள்ளும் இடர் இது.

ஆயின் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைக் கோலார் தங்க வயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். சாம்பியன் ரீப்சில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைத் தொடர்ந்து பதிப்பித்தது. வினாக்களை அனுப்பிய ஊரே இதழாசிரியரையும் பதிப்பகத்தையும் கொண்ட ஊராயிற்று. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே: ஒரு வினா-விடைக் குழுவின் வெற்றியை அளக்கத் தீர்க்கப்பட்ட ஐயங்களின் எண்ணிக்கை போதாது, வினவியோருள் எத்தனை பேர் விடையளிப்போராயினர் என்பதையும் காணவேண்டும்.

6. தமிழ்க் கணிமையில் உதவியின் மொழி

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அது இயங்கும் மீடியாவிக்கி கட்டற்ற மென்பொருளாகும். அங்குப் பொது உரையாடல் நிகழும் இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்றும், புதியோர் உதவி கேட்கும் இடத்துக்கு 'ஒத்தாசைப் பக்கம்' என்றும் பெயரிட்டுள்ளனர். ஆங்கிலத்தில் முன்னதன் பெயர் ஊர்க் குழாயடியைக் குறிப்பது. மொழிபெயர்த்தோர் சொல்லைப் பெயர்க்காமல் செயலைப் பெயர்த்தனர். ஊர் கூடிப் பேசும் தமிழிடத்தைத் தேர்ந்தனர். 'ஒத்தாசை' பேச்சு வழக்கில் பயில்வது. உதவி என்பதில் தருவோர் உயர்ந்தும் பெறுவோர் தாழ்ந்தும் நிற்றல் கூடும்; ஒத்தாசையோ அண்டை அயலார் மாறி மாறிச் செய்வது. இன்று கேட்பவர் நாளை செய்வார் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே உள்ளது.

இதற்கு மாறாக, கடுமையான தனித்தமிழ்க் கலைச்சொற்களால் மட்டும் அமைந்த விடை, வினவியவரைச் சில நேரம் வாயடைக்கச் செய்கிறது. 'கோப்பு', 'உலாவி' போன்றவை வழக்கூன்றின. வழக்கூன்றாத சொல்லை ஆளும்போது பழகிய சொல்லையும் உடன் தருதல் நலம். விடையின் மொழி, வினவுவோர் அடுத்து விடையளிக்கத் துணியும் மொழியாக இருத்தல் வேண்டும்.

7. ஆவணமும் அழிவும்

1999இல் ஞான அலாய்சியசு தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' முதலிரு தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அது இயன்றமைக்கு, மலிவான தாளில் அச்சான இதழ்களை அன்பர்கள் பாதுகாத்தமையே காரணம். இத்தொகுப்பு பொருள்வாரியாக அமைந்தமையால் எந்த வாரம் எந்த வினாவுக்கு அருகில் எது அச்சாயிற்று என்பதை அறிய மூல இதழ்களையே நாடவேண்டியுள்ளது.

2000ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்க் கணிமை ஆர்வலர் பலர் யாகூ குழுமங்களில் கலைச்சொல், குறியேற்றம், விசைப்பலகை பற்றி விவாதித்தனர். அச்சேவையின் உள்ளடக்கம் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. சேவையும் 2020 டிசம்பரில் நின்றது. தனியர் படியெடுத்துக் காத்தவை போக ஏனையவை பொதுப்பார்வையினின்றும் மறைந்தன. ஒரு பைசா இதழ் எஞ்ச, இருபதாண்டு உரையாடல் எஞ்சவில்லை. ஒரு சொல் ஏன் ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்பதை அறிய விழையும் மொழியியலார்க்கு இது பேரிழப்பாகும்.

8. முடிவுரை

மூலம் திறந்திருத்தல், விடையின் மொழி எளிதில் எட்டுதல், வினவுவோர் விடையளிப்போராக உயர வழி இருத்தல், உரையாடல் குழுவின் கையிலேயே ஆவணமாதல் ஆகிய நான்கும் வினா-விடைக் குழு நிலைபெற இன்றியமையாதவை. 'தமிழன்' குழுவினர்க்கு முதலாவது முழுமையாக வாய்க்கவில்லை. பிற மூன்றும் வாய்த்தன. தமிழ்க் கணிமைக் குழுக்களுக்கு முதலாவது இயல்பாகவே அமைந்தது, நான்காவதில் தவறின. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் கேட்ட வினாக்களை இன்றும் படிக்க முடிகிறது. நம் காலத்து வினாக்களையும் அவ்வாறு படிக்க முடியவேண்டுமாயின், அவற்றைப் படியெடுத்துப் பொதுவில் வைக்கும் பணியை மொழி நிறுவனங்களும் மொழிபெயர்ப்பாளரும் தம் கடமையாகக் கொள்ளவேண்டும்.