குவாஷி, நைஜல்

நைஜல் குவாஷி (பிறப்பு 1978, லண்டன்) ஸ்காட்லாந்து அணிக்கு 14 ஆட்டங்கள் ஆடிய கால்பந்து நடுக்கள வீரர். இங்கிலாந்து பிரீமியர் லீக்கிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய நான்கு அணிகளில் அவர் இருந்தார்: குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (1996), நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் (1999), சவுத்தாம்ப்டன் (2005), வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் (2006). இதனால் 'ராசியில்லாதவர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் வரிசையைக் கூர்ந்து பார்த்தால் காரணமும் விளைவும் இடம் மாறியிருப்பது தெரியும். முதல் இறக்கத்தின்போது அவர் பதினேழு வயதுப் பையன். அதைப் பையன் தலையில் கட்டுவது நியாயமல்ல. சவுத்தாம்ப்டனும் வெஸ்ட் பிராம்விச்சும் அவரை வாங்கியது ஜனவரியில், அதாவது பருவத்தின் பாதியில், தத்தளித்துக்கொண்டிருந்தபோது. மூழ்கும் படகுக்கு அழைக்கப்பட்டவரைப் படகில் ஓட்டை போட்டவர் என்பது போன்றது இது.

காப்பாற்ற வந்தவர் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. ஆட்டத்தைத் தனியாளாகத் திருப்பும் திறன் அவரிடம் இல்லை. பந்தைப் பறிப்பதும் ஓயாமல் ஓடுவதுமே அவர் பலம். அந்த உழைப்பு நல்ல அணியில் பலித்தது: 2003-இல் மேலாளர் ஹாரி ரெட்நாப்பின் போர்ட்ஸ்மவுத் இரண்டாம் நிலைப் பிரிவை வென்று மேலேறியபோது அவர் அதன் நடுக்களத்தில் இருந்தார். பின்னர் அவரைச் சவுத்தாம்ப்டனுக்கு அழைத்தவரும் அதே ரெட்நாப்தான். 2007 ஜனவரியில் அவர் சேர்ந்த வெஸ்ட் ஹாம் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது, ஆனால் காயத்தால் அதில் அவர் பங்கு சிறிது. கடைசியில் ஐஸ்லாந்தின் சிறு அணிகளில் ஆடினார்.