சட்டர்களின் சண்டை

இங்கே அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மல்யுத்தம் லேசுப்பட்டதில்லைங்க. கடித்தால் போட்டியை விட்டே வெளியே. பையன் சேருகிறான் என்று கையெழுத்துக்கு வந்த விதித்தாளைப் படித்தபோது, எனக்கு ஞாபகம் வந்தது நம்ம விழிஞ்ஞம் பக்கத்துப் பழைய விதிகள்.

விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகக் கோட்டை. 8ம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் அதை அழித்து, யானை, குதிரை, செல்வம் எல்லாம் கவர்ந்துகொண்டு போனான். அப்படி அடிவாங்கிய ஆய் நாட்டை ஆண்ட கருநந்தடக்கன்தான் 866ல் முஞ்சிறை அருகே பார்த்திவசேகரபுரத்தில் கோயில் கட்டி, 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும் வைத்தான். முன்மாதிரி, காந்தளூர்ச் சாலை.

மாணவர்களுக்குச் சட்டர் என்று பெயர். சேருவதற்கு இலக்கணம் தெரியணும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரியணும். (எங்கள் வங்கித் தேர்வே தேவலை!)

செப்பேட்டில் சுவாரசியமே ஒழுங்கு விதிகள்தான். சக சட்டரைத் திட்டினால் பொன் தண்டம். ஆயுதத்தால் தாக்கினாலும் தண்டம். கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது.

வேதம் ஓதுகிற பையனுக்கு ஆயுதம் எதற்கு? சாலைகளில் போர்ப்பயிற்சியும் நடந்தது என்றார் வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன். ஏற்காதவர்களும் உண்டு. என் ஓட்டு அவருக்குத்தான். நடக்காத தப்புக்கு யாரும் அபராதம் எழுதி வைப்பதில்லை. இத்தனை வருஷம் சர்க்குலர் படித்ததில் தெரிந்துகொண்டது.

பிற்பாடு ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்ததை' மெய்க்கீர்த்தியிலேயே பொறித்துக்கொண்டான். சும்மா பள்ளிக்கூடம் என்றால் அத்தனை பெருமை எதற்கு? அந்தக் கலம் கப்பலா, சோற்றுக் கலமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.