சுவர் மருந்தும் புல் மருந்தும்



கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் குடும்பங்கள் இரண்டு இரசாயனங்களை நன்கு அறியும். ஒன்று, கொசுவுக்காகச் சுவரில் அடித்த டி.டி.டி. மற்றொன்று, புல்லுக்கு அடித்த பாராகுவாட். கிராமக்சோன் என்றால் உடனே விளங்கும். இவற்றின் வரலாற்றில் இரண்டு வேதியியல் வினைகள் அடங்கியுள்ளன.

கரியணுவை ஒரு லயத்து வீடாகவும், அதில் ஒட்டிய அணுக்களைக் குடிகளாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு குடி வெளியேற, அதே இடத்தில் வேறு குடி வருவது பதிலீட்டு வினை. பக்கத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு குடி போய், புதிதாக யாரும் வராமல், அவ்விரு வீடுகளும் இரட்டைப் பிணைப்பால் இணைவது நீக்க வினை.

தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கியது. அதில் டி.டி.டி. பெரிதும் உதவியது. ஆனால் உலகின் பல பகுதிகளில் சில கொசுக்கள் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் ஒரு குளோரினையும் நீக்கி, டி.டி.ஈ. என்னும் பொருளாக மாற்றிப் பிழைத்துக்கொண்டன. இது நீக்க வினை.

பாராகுவாட் பிறப்பதோ பதிலீட்டில். மெத்தில் குளோரைடில் இருப்பது ஒரே கரியணு. பைப்பிரிடினிலுள்ள நைட்ரஜன் அதன் பின்வாசலில் நெருங்க, முன்வாசல் வழியே குளோரின் வெளியேறுகிறது. பக்கத்து வீடே இல்லாததால் நீக்க வினைக்கு இடமில்லை. இரண்டு நைட்ரஜன்களும் இவ்வாறு இணைந்தால் பாராகுவாட் உருவாகிறது.

1882லேயே வேதியியலார் அறிந்த இப்பொருள் புல்லைக் கருக்கும் என்பதை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1955இல் கண்டது. 1962இல் விற்பனைக்கு வந்தது. பச்சை இலையில் அது எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் இலையைச் சிதைக்கிறது. மனித நுரையீரலிலும் அதே அழிவுதான். உட்கொண்டால் முறிவு மருந்து கிடையாது.

முதுகில் பம்பு சுமந்து இதை அடித்தவர்களில் நம் பெண்கள் மிகப் பலர். ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, அவர்களின் உடல்நலக் கேடுகளை ஆய்ந்து 2002இல் வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவெடுத்தது. 2006இல் அம்முடிவு தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகளுக்கும் மேல்.

நஞ்சையும் நாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒன்று போனால் வேறொன்று அதன் இடத்துக்கு வரும். புதிய டப்பா எது வந்தாலும், அதன் பெயரென்ன, உடலுக்கு என்ன செய்யும் என்று கேட்டறிந்த பிறகே மூடியைத் திறப்போம். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அந்த எழுத்துகளைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டட்டும்.