எலியின் தலைக்குள் ஒரு மேப்!

ராத்திரி திடீரென்று கரண்ட் போய்விடுகிறது. கும்மிருட்டு! ஆனாலும் நீங்கள் எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொள்ளாமல் சமையலறைக்குப் போய் தீப்பெட்டியை எடுத்துவிடுகிறீர்கள். எப்படி? ‘பத்து அடி நட, இடதுபக்கம் திரும்பு’ என்று கால்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றனவா? இல்லை, வீட்டின் வரைபடமே உங்கள் தலைக்குள் இருக்கிறதா?

சின்னக் கேள்விதான். ஆனால் இதற்காக விஞ்ஞானிகள் பல வருடங்கள் மோதிக்கொண்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டவை... எலிகள்!

லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு புதிர்ப்பாதை உண்டு. உயரமான செடி வேலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வழிகள். பல வழிகள் முட்டுச்சந்தில் முடியும். ராஜ குடும்பத்தின் பொழுதுபோக்குக்காக வந்த சமாச்சாரம் இது. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லார்ட் ஸ்மால் அதே அமைப்பைச் சின்னதாகச் செய்து, நடுவில் தீனி வைத்து, எலிகளை உள்ளே விட்டார். 1901-ல் முடிவுகளை வெளியிட்டார். முதலில் திணறிய எலிகள், போகப் போக வழியைக் கற்றுக்கொண்டு ஓடின!

எதை வைத்துக் கற்றன? சிகாகோவில் ஜான் வாட்சன் எலிகளின் பார்வை, மோப்பம், செவி என்று ஒவ்வொன்றாகப் பறித்துப் பார்த்தார் (கொடுமைதான்!). 1907-ல் அவர் சொன்னது - அப்போதும் அவை வழி தவறவில்லை. அடுத்த வருடம், பழகிய பாதையின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்ததும், ஓடி வந்த எலிகள் நேராகச் சுவரில் போய் ‘மடேர்’! ‘பார்த்தீர்களா, எல்லாம் உடம்பின் பழக்கம்தான். மூளையில் மேப்பும் இல்லை, ஒன்றும் இல்லை’ என்றது வாட்சன் கோஷ்டி.

பெர்க்லியில் இருந்த எட்வர்ட் டோல்மனுக்கு இதில் சம்மதமில்லை. 1930-ல் அவரும் ஹான்ஸிக்கும் எலிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்குப் பாதை முடிவில் தினமும் தீனி. இரண்டாவதற்குக் கடைசிவரை பட்டை நாமம்! மூன்றாவதற்குப் பத்து நாள் எதுவும் இல்லை, பதினோராம் நாள் திடீர் விருந்து. மறுநாளே மூன்றாவது குழு தடாலடியாகத் தவறுகளைக் குறைத்து, முதல் குழுவை எட்டிப் பிடித்துவிட்டது! அதாவது, அந்தப் பத்து நாளும் எலிகள் சும்மா திரியவில்லை. ஊரையே நோட்டம் விட்டு மனசுக்குள் வரைந்து வைத்திருக்கின்றன!

1959-ல் டோல்மன் காலமானார். 1971-ல் லண்டனில் ஜான் ஓ’கீஃப், எலி மூளையின் ‘ஹிப்போகேம்பஸ்’ பகுதியில் விசித்திரமான செல்களைக் கண்டார். எலி ஓர் இடத்துக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும், வேறு இடத்துக்குப் போனால் வேறொன்று. சாட்சாத் மேப்! 2014-ல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. 1981-ல் ரிச்சர்ட் மாரிஸ் தண்ணீர்த் தொட்டியில் எலிகளை நீந்தவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மேடையைத் தேட வைத்தார். ஹிப்போகேம்பஸ் பழுதான எலிகளுக்கு மேடை எங்கே என்பது மனதில் நிற்கவில்லை. அல்ஸைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று இதே ஹிப்போகேம்பஸ். வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் திகைத்து நிற்கும் பெரியவர்களுக்காக, இன்றும் பல மருந்துகள் முதலில் அந்தத் தொட்டியில்தான் பரீட்சை எழுதுகின்றன.

டோல்மனைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். 1948-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முடிவில் அவர் எலிகளை விட்டு மனிதர்களிடம் வருகிறார். ஆசையும் ஏமாற்றமும் அளவுக்கு மீறினால் மனதின் வரைபடம் குறுகிவிடும். அப்படிக் குறுகிப்போனவர்கள்தான் வேற்று மனிதர்கள் மீது பாய்கிறார்கள் என்று எச்சரிக்கிறார்.

மறு வருடமே அது அவர் வாசலுக்கு வந்தது. கம்யூனிஸ்ட் பீதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஆசிரியர்களிடம் விசுவாசப் பிரமாணம் கேட்டது. டோல்மன் கையெழுத்துப் போட மறுத்தார். 1950-ல் அவரையும் சேர்த்து 31 பேருக்கு வேலை போயிற்று. வழக்குப் போட்டார். 1952-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்!

எலிகளுக்கு மேப் உண்டு என்று நிரூபித்தவருக்கு, எந்தப் பக்கம் போவது என்பதில் குழப்பமே இருக்கவில்லை.