பட்டாலைச் சுவரும் பல்கலைக்கழகக் கூடமும்

செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியில் பழைய வீடொன்றின் முகப்பைக் கடந்து உள்ளே செல்வோர் பட்டாலையில் சற்றே நின்று சுவரை நோக்குதல் வேண்டும். இரவிவர்மா அச்சகத்துப் படங்கள், பெல்ஜியத்துக் கண்ணாடி, பர்மாத் தேக்கில் இழைத்த தூண், காலடியில் ஆத்தங்குடிக் கல் என யாவும் அங்கே ஒருங்கே விளங்கும். வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்த முன்னோர், தாம் கண்ட உலகைத் தம் இல்லத்திலேயே காட்சியாக்கி வைத்தனர். ஆயினும் அக்காட்சி உறவினருக்கும் விருந்தினருக்கும் உரியதாகவே இருந்தது. ஊரார் அனைவரும் கண்டு கற்பதற்குரிய கூடம் எங்ஙனம் தோன்றிற்று என்பதே ஈண்டு நாம் காணப் புகுவது.

எலியாஸ் ஆஷ்மோல் என்பார் வழங்கிய அரும்பொருள்களைக் கொண்டு, 1683-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் ஆஷ்மோலியன் காட்சிச்சாலையைத் திறந்தது. கட்டணம் செலுத்திய எவரும் உள்ளே செல்லலாம். 1710-இல் அங்குச் சென்ற ஜெர்மானிய அறிஞர் ஒருவர், சந்தைக்கு வந்த நாட்டுப்புறத்து ஆண்களும் பெண்களும் கூட்டமாக நுழைந்து பொருள்களைத் தொட்டுப் பார்த்தனர் என்று மனம் நொந்து எழுதினார். அவர் குறையெனக் கண்டது உண்மையில் அந்நிறுவனத்தின் பெருமையன்றோ!

நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1937-இல் அசுதோஷ் காட்சிச்சாலையை அமைத்தது. அரண்மனைச் செல்வங்களை மட்டும் அது தேடவில்லை. வங்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் பழந்துணியில் தைத்த காந்தா விரிப்புகளையும், குயவர் செய்த மண்பொம்மைகளையும் கலையென மதித்துக் காட்சிக்கு வைத்தது.

காசி நகரம் நகரத்தாருக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அவர்தம் சத்திரம் எழுந்துவிட்டது. அந்நகரில் இராய் கிருஷ்ணதாசர் 1920-இல் நிறுவிய பாரத கலா பவனம், 1950-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் முகலாய ஓவியங்கள் புகழ்வாய்ந்தவை. அவ்வோவிய மரபின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. பாரசீகத்திலிருந்து வந்த மீர் சையித் அலியும் அப்துஸ் ஸமதும் அக்பரின் ஓவியச்சாலையை நடத்தினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரால் வழங்கிய வீரக்கதைக்கு அங்கே ஏறத்தாழ 1,400 ஓவியங்கள் துணியில் தீட்டப்பட்டன. அச்சாலையில் பயின்ற தஸ்வந்த் ஒரு பல்லக்குத் தூக்கியின் மகன். சுவர்களில் கிறுக்கித் திரிந்த அச்சிறுவனைப் பேரரசரே கண்டெடுத்தார் என்று அபுல் ஃபஸல் குறித்துள்ளார். சமயமும் குலமும் கடந்து ஒரே தாளில் பல கைகள் இணைந்த அக்காலத்தை, நூறு சொற்பொழிவுகளினும் தெளிவாக ஓர் ஓவியம் உணர்த்திவிடும்.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. காட்சிக்கு வந்த பொருள் எவ்வழி வந்தது? திருமங்கையாழ்வாரின் 16-ஆம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனி ஒன்றை ஆஷ்மோலியன் 1967-இல் இலண்டன் ஏலத்தில் வாங்கியது. அதே திருமேனி தமிழ்நாட்டுக் கோயிலொன்றில் இருந்ததைக் காட்டும் 1957-ஆம் ஆண்டுப் புகைப்படம், புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து பின்னாளில் வெளிப்பட்டது. 2024-இல் பல்கலைக்கழகம் அதனைத் திருப்பித்தர இசைந்தது. யாரோ ஒருவர் அன்று எடுத்து வைத்த படமே அறுபது ஆண்டுகளுக்குப் பின் சாட்சியாக நின்றது.

செட்டிநாட்டிலேயே இதற்கு மறுபுறமும் உண்டு. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் பழைய நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்புகளையும்கூடச் சேர்த்தார். ஏறத்தாழ 1 இலட்சம் உருப்படிகள் திரண்டன. 1992-இல் அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. ஆனால் கடல் கடத்தவில்லை, சென்னையிலேயே நூலகமாக்கியது. நம் மண்ணின் தாள்களைக் காக்க அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணுங்கால் நன்றியும் நாணமும் ஒருசேர எழுகின்றன.

பர்மாவின் வாணிகம் 1942-இன் போரால் சிதைந்தபின், செட்டிநாட்டு வீடுகள் பல பூட்டப்பட்டன. தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. விற்பாரைப் பழிப்பதில் பயனில்லை. வறுமைக்கும் பங்காளிப் பிரிவினைக்கும் அவரவர் காரணம் உண்டு. ஆனால் எந்த ஊர், எந்த வீடு, எந்தத் தச்சன் என்னும் செய்தி பிரிந்துவிட்டால், கதவு வெறும் மரமாகிவிடுகிறது. நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளுக்கும் இதே நிலைதான்.

ஆகவே, விற்குமுன் ஒரு படம் எடுத்து வைப்போம். பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதுவோம். அருகிலுள்ள கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்திற்கோ அதன் படியொன்றைக் கொடுப்போம். கூடம் எழுப்புவது பெருஞ்செல்வர் செயலாக இருக்கலாம். குறிப்பு எழுதுவது எல்லார்க்கும் இயலும்.